வீட்டு விளக்கடியில் அந்துப்பூச்சிப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாசல் விளக்கு, பால்கனி, மொட்டைமாடி என்று வீட்டைச் சுற்றியே இரவுப் பூச்சிகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் அலுக்காமல் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். அளவுகளும் நேரங்களும் தமிழ்நாட்டுச் சமவெளியை மனத்தில் வைத்துச் சொன்னவை. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குப் பூச்சிகள் இதைவிட அதிகமே வரும்.

அந்துப்பூச்சி எடுக்கணும்னா காட்டுக்குத்தானே போகணும்? சிட்டி ஃப்ளாட்ல என்ன வந்துடப் போகுது?

இந்தியாவில் பட்டாம்பூச்சி இனங்கள் 1,300 சொச்சம். அந்துப்பூச்சி இனங்களோ 10,000-க்கும் மேல். அதில் கணிசமானவை நாம் வளர்க்கும் செடிகளையும் சாலையோரக் களைகளையும் தின்றே வாழ்கின்றன. பக்கத்து வீட்டில் அரளியோ நந்தியாவட்டையோ நித்தியகல்யாணியோ இருந்தால் பச்சைப் பளிங்கில் வரைந்ததுபோன்ற அரளிப் பருந்து அந்து வரும். தெருவில் அத்தி மரம் இருந்தால் ஆரஞ்சு உடலும் பழுப்புச் சிறகும் கொண்ட அசோட்டா கேரிகே வரும். கீரைப் பாத்தியும் காலி மனையும் இருந்தால், பழுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை ஓடும் ஸ்போலாடியா ரிகர்வாலிஸ் கூட்டமாகவே வரும்.

நாலாவது மாடிக்கு மேலே எண்ணிக்கை குறையுமே தவிர, நின்றுவிடாது. மாடி உயரத்தைவிட, பால்கனிக்கு எதிரே மரமோ புதரோ தெரிகிறதா என்பதுதான் முக்கியம். எதிரே கான்கிரீட் சுவர் மட்டும் இருந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள்.

இது பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

உணர்கொம்பைப் பாருங்கள். நுனியில் குண்டூசித் தலைபோல் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. நூல்போல் மெலிந்தோ சீப்பு, இறகுபோல் கிளைத்தோ இருந்தால் பெரும்பாலும் அந்து. பகலில் பறக்கும் அந்துக்களும் உண்டு. ஆகவே நேரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எங்க வாசல் லைட்டுக்கு முன்னாடியெல்லாம் நிறைய வரும். எல்இடி மாத்தினதுலேர்ந்து ஒண்ணையும் காணோம். ஏன்?

இரவுப் பூச்சிகளின் கண் புறஊதா, நீலம், பச்சை ஆகியவற்றை நன்றாக உணரும். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. பழைய ட்யூப்லைட்டும் சிஎஃப்எல்லும் கொஞ்சமாவது புறஊதாவைக் கசியவிட்டன. வீட்டு எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. அதிலும் 2,700 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் பல்பில் நீலமும் குறைவு. கையில் இருப்பதை வைத்து முயல வேண்டுமென்றால் 6,500 கெல்வின் வெள்ளை பல்பைப் போட்டு, அதைச் சுவருக்கு நெருக்கமாக, சுவரே பளிச்சென்று தெரியும்படி வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் புறஊதா விளக்குதான்.

கடையில 'யூவி லைட்'னு கேட்டா பத்து தினுசு காட்டறாங்க. எதை வாங்கறது?

அலைநீளத்தைக் கேளுங்கள். வேண்டியது 365 நானோமீட்டர். மலிவான ஊதா டார்ச்சுகளும் பார்ட்டி விளக்குகளும் பெரும்பாலும் 395 நானோமீட்டர். நம் கண்ணுக்குப் பிரகாசமான ஊதாவாகத் தெரியும், பூச்சிக்கு 365 அளவுக்கு வேலை செய்யாது. 365 விளக்கு நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து 'டல்லா இருக்கே' என்று ஏமாற வேண்டாம். கள்ளநோட்டு பார்க்கும் பெட்டிகளில் இருக்கும் கருஊதாக் கண்ணாடி ட்யூப்கூட இந்த ரகம்தான். சிறிய பால்கனிக்கு அதுவே ஆரம்பத்துக்குப் போதும். 10 வாட் எல்இடி விளக்கு கிடைத்தால் 10,000 எம்ஏஹெச் பவர்பேங்க்கில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். மழைக்கால மொட்டைமாடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துத் தரையில் போடுவதைவிட இது எவ்வளவோ பத்திரம்.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு: கிருமி கொல்லும் விளக்கு. தெளிந்த கண்ணாடி ட்யூபில் வெளிர்நீலமாக எரியும். 254 நானோமீட்டர் என்று எழுதியிருக்கும். அரைமணி அதன் முன்னால் நின்றால் மறுநாள் கண்ணில் மணல் கொட்டினதுபோல் உறுத்தும், தோல் சிவந்து எரியும். 365 விளக்கையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

160 வாட் மெர்க்குரி பல்பு இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தை இழுப்பதில் அதற்கு ஈடில்லை. ஆனால் கொதிக்கும்; ஒரு மழைத்துளி பட்டால் வெடிக்கும். வெளிக்கண்ணாடி உடைந்தபின் உள்ளே எரிந்துகொண்டிருந்தால் அதுவும் கண்ணுக்கு ஆபத்து. அணைத்துவிட்டால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும் என்பதால் நினைத்தபோது அணைத்துப் போடவும் முடியாது. வீட்டுக்கு இது தேவையில்லை என்பது எங்கள் கட்சி.

துணி எப்படிக் கட்டணும்? பெட்ஷீட் போதுமா?

வெள்ளைப் பருத்தி எதுவானாலும் சரி. பழைய ஒற்றை வேட்டி கச்சிதமான அளவு. கொடிக்கயிற்றில் இரண்டு மூலையையும் க்ளிப் போட்டு, சுருக்கமில்லாமல் தொங்கவிடுங்கள். கீழ் விளிம்பைத் தரையில் இரண்டடி முன்னே இழுத்து விரித்து, நாலு செங்கல்லை வைத்துவிடுங்கள். வண்டும் பெரிய அந்துக்களும் துணியில் மோதிக் கீழே விழும் ரகம். தரையில் துணி இல்லாவிட்டால் அவை இருட்டில் போய் நம் காலடியில் மிதிபடும். விளக்கைத் துணியிலிருந்து ஒரு அடி முன்னால், நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள்.

சலவைத்தூளில் இருக்கும் 'பளிச்' வெண்மைக்கான பொருள் புறஊதாவை உறிஞ்சி நீலமாகத் திருப்பி வீசும். துணியே ஒளிர்வதுபோல் தெரிவது அதனால்தான். அதற்காகப் புதுத்துணி வாங்க வேண்டாம். இந்த வேட்டியை மட்டும் வெறும் தண்ணீரில் அலசி வைத்துக்கொண்டால் போதும். காற்றில் துணி படபடத்தால் எதுவும் உட்காராது. காற்று பலமாக உள்ள மொட்டைமாடியில் துணியை மறந்துவிட்டு, கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் விளக்கைச் சாய்த்து வையுங்கள்.

எந்த நாள், எத்தனை மணிக்குப் பாக்கணும்?

அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லவை. பௌர்ணமியில் விளக்குக்கு வருவது வெகுவாகக் குறையும். மேகம் மூடியிருந்தால் பௌர்ணமியும் பரவாயில்லை. புழுக்கம், காற்றில்லாமை, அன்று மாலையோ முந்தின நாளோ பெய்த மழை, இந்த மூன்றும் சேர்ந்தால் எல்லா வேலையையும் தள்ளிவைக்கலாம். சமவெளியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர், நவம்பர் அறுவடைக்காலம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஜூன், ஜூலையும் அப்படியே. சித்திரை வெயிலில் விளக்கு மட்டும்தான் எரியும்.

இருட்டியதும் முதலில் வருவது தத்துப்பூச்சி, சிறு வண்டு, குட்டி அந்துக்கள். எட்டு மணியிலிருந்து வகை கூடும். நிலா அந்து, அட்லஸ் போன்ற பெரியவை நள்ளிரவை ஒட்டியும் அதன் பிறகும்தான் பெரும்பாலும் தலைகாட்டும். தூக்கம் முக்கியம் என்பவர்கள் இரவு ஒன்பது வரை ஒரு சுற்று, விடிவதற்கு முன் ஐந்தரைக்கு ஒரு சுற்று பார்த்தால் பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். அந்த ஐந்தரை மணிச் சுற்றைப் பற்றிக் கீழே மறுபடி வரும்.

மழை விட்டதும் ஈசல் வந்து எல்லாத்தையும் கெடுத்துடுது. என்ன செய்ய?

அணைத்துவிடுங்கள். ஈசலின் பறப்பு நெடுநேரம் நீடிக்காது. அரைமணி, முக்கால்மணி இருட்டாக விட்டுப் பிறகு போட்டால் துணி சுத்தமாக இருக்கும். ஈசலோடு சண்டை போட்டால் தரை முழுக்கச் சிறகும், சுவர் முழுக்கப் பல்லியும், பின்னாலேயே தவளையும்தான் மிச்சம். தோட்ட வீடுகளில் தவளையைத் தேடிப் பாம்பு வருவதும் உண்டு. செருப்பில்லாமல் நிற்காதீர்கள்.

பூச்சி ஏன் விளக்கையே கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்துது? நிலானு நெனச்சுக்குதா?

நிலாவைத் திசைகாட்டியாகக் கொண்டு குழம்புகிறது என்பது பழைய விளக்கம். 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, வேகக் கேமராவில் பதிவுசெய்து வேறொன்றைக் காட்டியது. பறக்கும் பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சத்தை நோக்கித் திருப்பி வைக்கும். இயற்கையில் வெளிச்சம் வானத்தில் இருப்பதால், அதுவே எது மேல், எது கீழ் என்பதற்கு அடையாளம். பக்கவாட்டில் விளக்கு வந்ததும் முதுகை அதன்பக்கம் சாய்க்கிறது, சாய்ந்ததால் வளைகிறது, வளைந்து வளைந்து சுற்றிலேயே சிக்கிக்கொள்கிறது. வெளிச்சம் கீழிருந்து வந்தால் மல்லாந்து விழுந்துவிடும்.

படமெடுப்பவருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. விளக்கைத் தரையில் மேல்நோக்கி வைக்காதீர்கள். சிறகு அடிபட்டு, செதில் உதிர்ந்த பூச்சிகள்தான் கிடைக்கும். வெளிச்சம் பரவலாக, பெரிய துணி முழுவதும் விழும்படி இருந்தால் அவை சீக்கிரம் உட்காரும்.

போன் போதுமா? எந்த செட்டிங்ல வைக்கறது?

இரண்டு விரல் அகலமும் அதற்கு மேலும் உள்ள அந்துக்களுக்குத் தாராளமாகப் போதும். 'மேக்ரோ' என்று தனியாகக் கொடுத்திருக்கும் 2 மெகாபிக்சல் கேமராவைத் தொடாதீர்கள். மெயின் கேமராவில் 2 மடங்கு வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது அதைவிட எப்போதும் மேல். கிட்டே போனதும் போன் தானாக அகலக் கோண லென்ஸுக்கு மாறினால் அந்த ஆட்டோ மேக்ரோவை அணையுங்கள். நைட் மோடையும் அணையுங்கள். அது பல படங்களை அடுக்கிச் சேர்ப்பது, அந்து ஒரு காலை அசைத்தாலும் குழம்பிவிடும்.

திரையில் பூச்சியின் தலைமேல் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெள்ளைத் துணியில் இருக்கும் கரும்பழுப்பு அந்து இருண்டு போகும்; அப்போது வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். இருண்ட சுவரில் இருக்கும் வெள்ளை அந்துவுக்கு நேர்மாறாகக் கீழே. போனின் சொந்த ஃப்ளாஷ் வேண்டாம். இன்னொருவர் போனின் டார்ச்சில் டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்துச் சுற்றி, பக்கவாட்டிலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான பூச்சிகளுக்கு க்ளிப் லென்ஸ் மாட்டலாம். ஆனால் இரண்டு மூன்று அங்குலம் வரை நெருங்க வேண்டியிருக்கும். போனின் நிழலே பூச்சிமேல் விழும்.

போட்டோ முழுக்க குறுக்குக் கோடு கோடா வருது. போன் ரிப்பேரா?

இல்லை, பல்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் கோடு போய்விடும். பவர்பேங்க், பேட்டரி டார்ச் வெளிச்சத்திலும் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

யூவி லைட்ல எடுத்தா எல்லாமே ஊதாவா இருக்கு. எடிட்ல சரி பண்ண முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் இல்லவே இல்லை. இல்லாத நிறத்தை எந்த எடிட்டிங்கும் கொண்டுவராது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: வரவழைக்கும் விளக்கு வேறு, படமெடுக்கும் விளக்கு வேறு. பூச்சி உட்கார்ந்ததும் புறஊதாவை அணையுங்கள் அல்லது ஒரு அட்டையால் மறையுங்கள். டிஷ்யூ சுற்றிய வெள்ளை டார்ச்சிலோ ஃப்ளாஷிலோ எடுங்கள். அணைத்த சில நிமிடத்தில் படபடப்பும் அடங்கும். பூச்சி சிறகை அதன் இயல்பான நிலையில் மடிக்கும். பூச்சியின் அடையாளம் சிறகை மடிக்கும் விதத்திலும் இருக்கிறது என்பதால் இந்தக் காத்திருப்பு வீண் இல்லை.

கேமரா இருக்கு. மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆகணுமா?

உடனே வேண்டாம். பருந்து அந்து உட்கார்ந்திருக்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும். அதற்கு 1:1 அளவு (பூச்சியின் நிஜ அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழுவது) தேவையே இல்லை, பாதி அளவு போதும். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. நீட்டுக்குழாய் மாட்டினால் அந்தப் பாதி அளவு கிடைத்துவிடும். குழாயின் நீளத்தை லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். மின்தொடர்பு உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாமல் திண்டாடுவீர்கள்.

55–250 போன்ற ஜூம் இருந்தால் அதன் முன்னால் மாட்டும் ரேநாக்ஸ் 250 வில்லை வசதி. 100 மி.மீ.-இல் முக்கால் அளவுக்கு மேல், 250 மி.மீ.-இல் இரண்டு மடங்கு. பூச்சியிலிருந்து நாலரை அங்குலம் தள்ளியே இருக்கலாம். தத்துப்பூச்சிகளில் மனம் போய்விட்டால்தான் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோவுக்குக் காசு செலவழிப்பதில் அர்த்தம் உண்டு.

எஃப் 22 வச்சும் ஷார்ப்பா வரல. எஃப் 5.6-ல தலை மட்டும்தான் தெளிவா இருக்கு. என்னதான் வைக்கறது?

நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் அடி விழும். 1:1-இல் எஃப் 8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சரி, எஃப் எண்ணைக் கூட்டி அப்பர்ச்சர் துளையை மூடிக்கொண்டே போவோம் என்றால், 1:1-இல் எஃப் 11 என்பது உண்மையில் எஃப் 22-ஆக வேலை செய்கிறது, எஃப் 22 என்பது 44-ஆக. ஒளி சிதறிப் படம் முழுவதும் சோப்புத் தண்ணீரில் பார்த்ததுபோல் மசங்கும். எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் நின்றுகொள்ளுங்கள்.

ஆழத்தை அப்பர்ச்சரால் வாங்குவதைவிடக் கோணத்தால் வாங்கலாம். பெரும்பாலான அந்துக்கள் தட்டையாகச் சிறகை விரித்து உட்காரும். கேமராவின் பின்பக்கத்தைச் சிறகுக்கு இணையாகப் பிடித்தால் எஃப் 8-லேயே நுனி முதல் நுனி வரை தெளிவாக வரும். கூரைபோல் மடிக்கும் ரகமானால் பக்கத்துக்கு வந்து, சிறகின் சரிவுக்கு இணையாகப் பிடியுங்கள். ஒரே படத்தில் முடியாதபோது, ஐந்தரை மணிச் சுற்றில் அசையாமல் இருக்கும் பூச்சியை ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்துக் கணினியில் ஒரே படமாக அடுக்கலாம்.

ஃப்ளாஷ் அடிச்சா சிறகுல வெள்ளைத் திட்டு, பின்னாடி கறுப்பு நிழல். எப்படி சமாளிக்கறது?

ஃப்ளாஷ் சின்னதாக இருப்பதுதான் கோளாறு. பூச்சியின் பார்வையில் அது ஒரு புள்ளி. வண்டின் ஓட்டிலும் அந்துவின் செதிலிலும் புள்ளியாகவே பிரதிபலிக்கிறது. அதைப் பெரிதாக்கி, கிட்டே கொண்டுவர வேண்டும். மின்சாதனப் பெட்டிகளில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டை ஏ4 அளவுக்கு வெட்டுங்கள். நடுவில் லென்ஸ் விட்டத்துக்கு ஓட்டை போட்டு லென்ஸ் முனையில் மாட்டுங்கள். மேல்பாதி பூச்சியின் மேல் குடைபோல் வளைந்திருக்க, ஃப்ளாஷ் தலை அதன்மேல் அடிக்கட்டும். ஒரு சுற்று போதாவிட்டால் நடுவில் ட்ரேஸிங் பேப்பர் ஒன்று. ஷீட் ஃப்ளாஷ் தலையில் ஒட்டியிருந்தால் பயனில்லை. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால்தான் வெளிச்சம் பரவும்.

தொடக்க அளவு: ஷட்டர் 1/160, எஃப் 11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 200, ஃப்ளாஷ் முழுச் சக்தியில் 1/8. முதல் படத்தைப் பார்த்து ஃப்ளாஷை மட்டும் ஏற்றி இறக்குங்கள், மற்றதைத் தொட வேண்டாம். பின்னணி கன்னங்கரேலென்று வந்தால் ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி, ஃப்ளாஷை 1/32-க்கு இறக்கி, பூச்சிக்குப் பின்னால் ஓர் இலையை வையுங்கள். கறுப்பாக வருவது பின்னால் ஒன்றுமே இல்லாததால்தான்.

கண்ணு ரெண்டும் நெருப்புத் துண்டு மாதிரி எரியுது. எடிட்ல அழிக்கலாமா?

அழிக்க வேண்டாம், வராமலே பார்த்துக்கொள்ளலாம். அந்துவின் கண்ணடியில் நுண்ணிய காற்றுக்குழாய்கள் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அதை மறைக்கும் நிறமி ஒதுங்கியிருக்கும். வெளிச்சத்தில் இருபது, முப்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் நிறமி திரும்பி வந்து, ஒளிர்வு குறையும். அவசரமானால் ஃப்ளாஷை லென்ஸிலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் பிடியுங்கள். இரவு வாழ்க்கையைக் காட்டும் படத்தில் அந்தச் செம்மை அழகாகவே இருக்கும் என்பது தனி விஷயம்.

ஏசி ரூம்லேர்ந்து பால்கனிக்கு வந்ததும் லென்ஸ்ல ஆவி படியுதே?

துடைக்காதீர்கள், மறுபடி படியும். கேமராவைப் பையோடு அரைமணிக்கு முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.

வெள்ளைத் துணியில எடுத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வச்சு இலையில மாத்தி எடுக்கலாம்னு சொல்றாங்களே?

ஃபிரிட்ஜ் வேண்டாம். குளிரில் மரத்துப்போன அந்து காலைச் சுருக்கி, உணர்கொம்பை மடக்கிக் கிடக்கும். இலைமேல் வைத்தாலும் செத்ததுபோலத்தான் படத்தில் தெரியும்; பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

அதற்குத்தான் ஐந்தரை மணிச் சுற்று. விடியலின் குளிர்ச்சியில் அந்துக்கள் மந்தமாக இருக்கும். ஒரு சுள்ளியையோ மரப்பட்டைத் துண்டையோ முன்னங்காலுக்கு அடியில் மெதுவாக நுழைத்தால் தானாகவே ஏறிவிடும். பின்னாலிருந்து தள்ளினால் பறந்துவிடும். சிறகைப் பிடிக்கவே கூடாது. அதைப் பழுப்பானால் பட்டைமேல், பச்சையானால் இலைமேல் விட்டு, ஆறு மணி வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். சிறகு நடுங்க ஆரம்பித்தால் பூச்சி பறப்புத் தசையைச் சூடேற்றுகிறது என்று அர்த்தம். பெரிய அந்துக்களில் இது சில நிமிடம் நீடிக்கும். கடைசிப் படத்தை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றி எடுத்ததைப் பதிவில் குறிப்பிட்டுவிடுவது மரியாதை. இல்லாவிட்டால் அந்தச் செடிதான் அதன் உணவு என்று யாராவது எழுதிவைப்பார்கள்.

கையில பட்டா விஷமா? கொழந்தைங்க இருக்காங்க.

அந்துவின் 'தூசி' சிறகுச் செதில்தான், விஷமில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் இருந்தால் சரி. கம்பளிப்பூச்சியின் மயிர் வேறு சமாச்சாரம், அதைத் தொடவே வேண்டாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எறும்புபோல் ஓடும் ஒரு சிறு வண்டு: ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, உடல் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, நடுவில் கருநீலக் குட்டைச் சிறகுறை. பீடரஸ் என்று பெயர். வயல் பக்கத்து வீடுகளில் மழைக்காலத்தில் விளக்குக்கு வரும். கடிக்காது, கழுத்தில் ஊரும்போது நாம் தேய்த்து நசுக்கினால் அதன் உடல் நீர் பட்ட இடமெல்லாம் ஒன்றிரண்டு நாளில் தீக்காயம்போல் கொப்புளிக்கும். ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். இரண்டு, மலைத்தேனீ. அது இரவிலும் விளக்குக்கு வரும், கொட்டும். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியிலோ கட்டடத்திலோ கூடு இருந்தால் அந்த வீட்டில் விளக்கு வைக்க வேண்டாம்.

ஹெட் டார்ச் போட்டால் பூச்சி முகத்துக்கே வரும். டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது.

விளக்குக்கே வராத அந்துக்கள எப்படி எடுக்கறது?

நாக்கைப் பிடியுங்கள். ஆந்தைக்கண் போன்ற பெரிய வட்டம் உள்ள எரிபஸ், பழத்தைத் துளைக்கும் யூடோசிமா போன்றவை புளித்த இனிப்புக்கு நன்றாக வரும். கால் கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சிப் பாகாக்கி, ஆறியதும் கறுத்துப்போன மூன்று வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள். ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்த்து, மூடியைத் தளர்த்தி இரண்டு நாள் வெளியே வையுங்கள். இறுக்கி மூடினால் பாட்டில் வெடிக்கும். அந்தி சாய்ந்ததும் மரத்தண்டில் நெஞ்சு உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தூரிகையால் பூசி, அரைமணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வெளிச்சத்துக்கு டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள். மேலே சொன்னபடி அவற்றுக்குச் சிவப்பு இருட்டுதான். எறும்பு ஏறினால் தண்டின் அடியில் ஒரு வளையம் வேப்பெண்ணெய் தடவிப் பாருங்கள்.

பூவுல நின்னு பறக்கற பருந்து அந்துவ அப்படியே உறைய வச்ச மாதிரி எடுக்க முடியுமா?

ஷட்டரால் முடியாது, ஃப்ளாஷால் முடியும். ஃப்ளாஷை 1/32-க்குக் குறைத்தால் அது எரியும் நேரம் பல ஃப்ளாஷ்களில் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும். சிறகை நிறுத்த அது போதும். குறைந்த சக்திக்கு ஈடாக ஐஎஸ்ஓ 800, எஃப் 8, ஷட்டர் 1/200. அந்துவைத் துரத்தாதீர்கள். அந்தி மந்தாரையோ மரமல்லியோ பூத்த கொத்தில் ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து, அதில் கையால் ஃபோகஸ் வைத்து, அங்கேயே காத்திருங்கள். இருட்டு விழும் அந்த முதல் அரைமணிதான் நேரம்.

குரூப்ல போட்டா 'ஐடி முடியாது'ங்கறாங்க. பேர் கிடைக்கற மாதிரி எப்படி எடுக்கறது?

அழகான முகப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு பெயர் கேட்டால் கிடைக்காது. மேலிருந்து சிறகு முழுவதும் தெரிய ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு தெரிய முகம் ஒன்று, முடிந்தால் பின்சிறகு தெரியும்படி ஒன்று. கூடவே அளவு தெரிய ஒரு ஸ்கேலோ கட்டம் போட்ட நோட்டுத் தாளோ வைத்து ஒரு படம். தேதி, ஊர், எந்த விளக்கு, சுற்றிலும் என்ன செடி என்பதையும் எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இரண்டு இணையதளங்களிலும் தமிழ்நாட்டு அந்துக்களைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே போடுவதால் ஐநேச்சுரலிஸ்ட்டில் இடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியும் பேரினத்தோடு நின்றால் படத்தைக் குறை சொல்ல வேண்டாம். சில அந்துக்களில் அடுத்தடுத்த இனங்களை இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

காலைல பாத்தா துணியடியில சிறகு மட்டும்தான் கிடக்குது. யார் சாப்பிடறா?

இரவில் பல்லி, விடிந்ததும் கரிச்சான். கரிச்சான் நல்ல கணக்குக்காரர். இரண்டு நாள் தொடர்ந்து விளக்கு எரிந்தால் மூன்றாம் நாள் இருட்டு பிரிவதற்குள் கொடிக்கயிற்றில் காத்திருக்கும். விளக்கை இரவு பதினொன்று, பன்னிரண்டுக்கு அணைத்துவிடுங்கள். விடியற்காலைச் சுற்று முடிந்ததும் துணியில் மிச்சமிருப்பவற்றைச் சுள்ளியில் ஏற்றிப் புதருக்குள் விடுங்கள். ஒரே இடத்தில் தினமும் விளக்கு வைக்காமல் வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவோடு நிறுத்துங்கள். விளக்கடியில் கழிக்கும் இரவு அந்துவுக்கு இணை தேடாத, முட்டையிடாத இரவு.

பெரிய அட்லஸ் அந்து ஒண்ணு ஜன்னல் கர்ட்டன்ல ரெண்டு நாளா அசையாம இருக்கு. தேன் தண்ணி வைக்கலாமா?

குடிக்காது. அட்லஸுக்கும் நிலா அந்துவுக்கும் வளர்ந்தபின் வேலை செய்யும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் ஒன்றிரண்டு வாரம் வாழும். உணர்கொம்பைப் பாருங்கள். சீப்பு மெலிந்து குறுகலாக இருந்தால் பெண். அது மணம் பரப்பி ஆணுக்காகக் காத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், புறஊதா விளக்கைப் போடாதீர்கள். இறகுபோல் அகன்ற கொம்புள்ள ஆண் இரவில் தானே தேடி வரக்கூடும். இரண்டும் சேர்ந்த படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கர்ட்டனில் முட்டை இட்டுவிட்டால் அந்தத் துணியைத் துவைக்கப் போடாமல், முட்டை உள்ள பகுதியை கொய்யா இலை உள்ள கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள்.